கரண்ட்

பாதிப் பகலும் பாதி ராத்திரியும்
விளக்கில்லாத வருஷம் அது.
செல்லூர்ப் பாலத்துக்குக் கீழே கிடந்ததென்று
சட்டைக்குள் போட்டு எடுத்துவந்தான் சோணைமுத்து,
எட்டாப்புப் படிக்கிறவன்.
தரையில் அவன் இறக்கிவிடவும்
டியூப்லைட் ரெண்டு துடி துடித்து எரியவும்
தெருவே கத்தியது:
"கரண்ட் வந்துருச்சு!"
குட்டி வாலை ஆட்டியது.
வேறு பேர் யோசிக்க வேலை வைக்கவில்லை.

அதற்கப்புறம் தெரு கத்தும்போதெல்லாம்
தன்னைத்தான் கூப்பிடுகிறார்களென்று
வாசலுக்கு ஓடும்.
இத்தனை பேருக்கு இத்தனை சந்தோஷமா
நான் வந்ததற்கு, என்பதுபோல
மூச்சிரைக்க நிற்கும்.
நாங்கள் யாரும் திருத்தவில்லை.

ரெண்டு மாசத்துக்கொரு தரம்
ரீடிங் எடுக்க வருகிற தவசியண்ணன்
கேட்டுக்கு வெளியிலேயே நின்று கேட்பார்:
"கரண்டைக் கட்டியாச்சா?"
"போன வாரமே கட்டியாச்சுண்ணே"
ரசீதை ஆட்டிக் காட்டுவேன்.
"அதைக் கேக்கல தாயி."

தையல் மிஷினுக்கு அடியில்
வெட்டுத்துணிக் குவியல் அதன் படுக்கை.
பெடல் மிதிக்கையில்
கட்டைவிரலில் அதன் மூச்சு சுடும்.
பட்டு ஜாக்கெட்டின் உள்தையலில்
நாய்முடி இருக்கிறதென்று
பேங்க்காரம்மா சண்டைக்கு வந்தார்.
கூலியில் முப்பது ரூபாய் குறைத்துக்கொண்டேன்.

போன பங்குனியில்
பின்னங்கால் ரெண்டும் வராமல் போனது.
தல்லாகுளம் மாட்டாஸ்பத்திரி வரிசையில்
ஒரு வெள்ளாட்டுக்கும் ஒரு கிளிக்கூண்டுக்கும் நடுவில்
மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.
பேர் என்ன என்றார் டாக்டரம்மா.
சொன்னேன்.
பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.
சிரிக்கவில்லை, நல்லவர்.
கிட்னி என்றார்.

அன்றிலிருந்து டேபிள் ஃபேன் அதற்கு மட்டும்.
பகலென்றும் ராவென்றும் இல்லாமல் ஓடியது,
ஈ உட்காரக் கூடாதென்று.
கஞ்சியை சிரிஞ்சில் கொடுத்தேன்.
கொடுக்கும்போதெல்லாம்
எப்போதோ ஒருநாள்
மீன்சட்டியை உருட்டியதற்கு
விளக்குமாற்றால் வெளுத்தது
ஞாபகம் வந்தது.
அது எப்பவோ மறந்திருக்கும் என்றார் அவர்.
இருக்கும்.
எனக்கு மறக்கவில்லை.

வைகாசியில், ஒரு செவ்வாய் விடியலில்,
ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
காதோரத்து முடி
காற்றில் அசைந்துகொண்டே இருந்ததால்
எனக்குத் தெரிய நேரமாகிவிட்டது.

அவருடைய ஊதாக் கைலியில் சுற்றி
எக்செல்லில் முன்னால் வைத்து
துவரிமான் பக்கம் கொண்டுபோனோம்.
வேகத்தடை வரும்போதெல்லாம்
நோகுமென்று அவர் மெதுவாக ஏற்றினார்.
வாய்க்கால் ஓரத்தில் குழி.
உப்பு ஒரு படி.
வரும்போது வண்டியில் அந்த இடம் காலியாக இருந்தது,
நான் காலை வைக்கவில்லை.

அன்று ராத்திரி
ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வீடியோ காலில் சோணை,
ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில்.
முகம் தெரியக் கூடாதென்று
லைட்டைப் போடாமலே எடுத்தேன்.
"என்னம்மா ஒரே இருட்டு?"
"கரண்ட் இல்லடா."
"சரி, வந்ததும் கூப்பிடு."

நாலாம் நாள்தான் சொன்னேன்.
"அன்னைக்கே சொன்னியே" என்றான்,
ரொம்ப நேரம் கழித்து.

ஊசிப்பெட்டியில் இன்றைக்கும் ஒரு பழுப்பு முடி.
ஊதிவிடப் போய் மூடிவைத்தேன்.

நேற்று தவசியண்ணன் வந்தார்.
கேட்டுக்கு வெளியிலிருந்தே,
"கரண்டைக் கட்டியாச்சா?"
"அவுத்து விட்டாச்சுண்ணே."
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.
பிறகு, முதல்முறையாகக்
காலைப் பார்த்துப் பார்த்து வைக்காமல்
உள்ளே வந்து
மீட்டரை அண்ணாந்து பார்த்து
அட்டையில் எழுதினார்.
"போன தடவைக்கு நாப்பத்தோரு யூனிட்டு கம்மி தாயி."
ஃபேனா இருக்கும் என்றேன்.

போகையில்,
எப்போதும் செய்கிற மாதிரி,
எதுவும் வெளியே ஓடிவிடாதபடிக்குக்
கேட்டை இழுத்துக்
கொக்கி போட்டுவிட்டுப் போனார்.